பென்சிலால் எழுதிய பெயர்கள்: போர் விமான அச்சுப்படங்களில் எது சேகரிக்கப்படுகிறது?

ராபர்ட் டெய்லர் என்ற ஆங்கிலேய ஓவியர் வரைந்த ‘டூயல் ஆஃப் ஈகிள்ஸ்’ படத்தின் அச்சுப் பிரதியைக் கையில் எடுப்பவர், அதிலுள்ள வான்சண்டைக் காட்சியைப் பார்த்து முடித்ததும், படத்துக்குக் கீழே தாளில் விடப்பட்டிருக்கும் வெள்ளை ஓரத்துக்கு வந்து சேர்வார். ஓவியரின் பெயரோடு இன்னும் இரண்டு பெயர்கள் அங்கே கையால் எழுதப்பட்டிருக்கும். ஒன்று டக்ளஸ் பேடர். மற்றது அடால்ஃப் காலண்ட்.

1931 டிசம்பரில் நடந்த விமான விபத்தில் இரு கால்களையும் இழந்த பேடர், செயற்கைக் கால்களோடு பிரிட்டிஷ் விமானப்படைக்குத் திரும்பி, ஜெர்மன் விமானப்படை பிரிட்டனைத் தாக்கிய 1940 பிரிட்டன் வான்போரில் 242ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமான அணிக்குத் தலைமை தாங்கியவர். 1941 ஆகஸ்ட் 9 அன்று வட பிரான்சின் மேல் விமானத்தை இழந்து பாராசூட்டில் குதித்தபோது அவருடைய செயற்கைக் கால்களில் ஒன்று விமானத்திலேயே சிக்கிக்கொண்டது. அந்தப் பகுதியில் ஜே.ஜி. 26 என்ற ஜெர்மன் போர் விமானப் பிரிவுக்குத் தலைவராக இருந்த காலண்ட், சிறைப்பட்டவரைத் தம் தளத்துக்கு வரவழைத்து உபசரித்தார். மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஒன்றின் விமானி இருக்கையில் உட்கார்ந்து பார்க்கவும் விட்டார். சில நாட்களில் பிரிட்டிஷ் விமானங்கள் மாற்றுக் கால் ஒன்றைப் பாராசூட்டில் கட்டிக் கொண்டுவந்து போட்டன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இருவரும் ஒரே தாளில் பெயர் எழுதினார்கள். பேடர் 1982 செப்டம்பரிலும் காலண்ட் 1996 பிப்ரவரியிலும் இறந்துவிட்டார்கள். அந்த இரு பெயர்களும் சேர்ந்திருக்கும் தாள்கள் இனி ஒன்றுகூட அதிகமாகப்போவதில்லை.

போர் விமானப் படங்களின் கையொப்பமிட்ட வரம்புப் பதிப்புகளை, அதாவது இத்தனை படிகள் மட்டுமே என்று எண்ணிட்டு வெளியிடும் அச்சுகளை, சேகரிக்கும் பழக்கத்தைப் புரிந்துகொள்ள இந்தத் தாள் ஒன்றே போதும். சேகரிப்பவர் ஓவியத்தை வாங்குகிறாரா, பெயர்களை வாங்குகிறாரா என்ற கேள்விதான் இந்தத் துறையின் விலை, தரம், ஏமாற்று, வருத்தம் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. பெயர்களைத்தான் வாங்குகிறார் என்பதே என் எண்ணம். ஓவியம் அந்தப் பெயர்கள் வந்து சேர்வதற்கான இடம். இதைச் சொல்வதால் ஓவியர்களின் உழைப்பு குறைந்துவிடாது. ஆனால் இதை ஒப்புக்கொள்ளாமல் இந்தத் துறையில் எது அரியது, எது அரியதுபோல் விற்கப்படுவது என்று பிரித்தறிய முடியாது.

முதலில் பொருளையே பார்ப்போம். ‘வரம்புப் பதிப்பு’ என்றதும் ரெம்பிராண்ட் காலத்துச் செப்புத்தகட்டு அச்சுகளின் நினைவு வருகிறது. அத்தகைய அச்சில் ஓவியரே தகட்டைக் கீறுவார். அழுத்தி எடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் தகடு சிறிது தேயும். அதனால் முதலில் எடுத்த படிகள் கூர்மையாகவும் பிந்தியவை மங்கலாகவும் இருக்கும். பதிப்பின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதற்கும், முதல் எண்களைத் தேடி வாங்குவதற்கும் அங்கே பொருளின் தன்மையிலேயே காரணம் இருந்தது. விமான அச்சுப்படங்கள் அவ்வகை அல்ல. கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்த ஓவியத்தை ஒளிப்படம் எடுத்து, நான்கு நிறங்களாகப் பிரித்து, ஆஃப்செட் இயந்திரத்தில் நல்ல தாளில் அச்சிடுவதே 1970களின் இறுதியிலிருந்து நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தால், ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் இறக்கை நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகப் பிரிந்து பூ வடிவங்களாகத் தெரியும். வார இதழின் அட்டைப்படத்திலும் அதே புள்ளிகள்தான்.

உலக நாடுகள் பின்பற்றும் சுங்க வகைப்பாடும் இதைத் தெளிவாகவே பிரிக்கிறது. ஓவியர் கையால் செய்த தகட்டிலிருந்து நேராக எடுத்த படிகளை மட்டுமே அது மூல அச்சுக்கலைப் படைப்புகள் என்று ஏற்கிறது. இயந்திரத்தாலோ ஒளிப்பட முறையாலோ செய்யப்பட்டவற்றை விலக்குகிறது. ஆகவே 850 படிகளில் 12ஆம் எண் படிக்கும் 812ஆம் எண் படிக்கும் அச்சில் எந்த வேறுபாடும் இருக்க முடியாது. சிறிய எண்ணுக்குக் கூடுதல் விலை கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது செப்புத்தகட்டு உலகத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம், அவ்வளவே. அச்சகம் விரும்பியிருந்தால் அதே படத்தைப் பத்தாயிரம் தாள்களில் அடித்திருக்கலாம். பதிப்பாளர் தாமாக முன்வந்து தம் கையைக் கட்டிக்கொள்கிறார். அந்த வாக்குறுதியைத் தவிர அச்சுக்கு வேறு வரம்பு இல்லை.

விமானியின் கைக்கு வரம்பு உண்டு. எழுபது வயதுக்காரர் ஒருவரின் முன்னால் பெரிய தாள்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் கசங்காமல், மை படாமல், ஒரே இடத்தில் பெயர் எழுதச் சொல்வது எளிதன்று. நாளுக்குச் சில நூறு தாள்கள் என்பதே பெரிய வேலை. பதிப்புகள் பெரும்பாலும் சில நூறுகளிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரைக்குள் அமைந்ததற்குச் சந்தையின் அளவோடு மனிதக் கையின் அளவும் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இந்தத் துறை தோன்றிய காலமும் தற்செயலானதன்று. பிரிட்டனில் விமான ஓவியர்கள் சங்கம் 1971இல் அமைந்தது. போர்க்காலத்திலேயே விமானப்படைக்காக வரைந்த ஃபிராங்க் வூட்டன் அதன் தலைவராக இருந்தார். அக்காலம் வரை இவ்வகைப் படங்களின் அச்சுகள் பெரும்பாலும் எண்ணிக்கை வரம்பு இல்லாமல் வீட்டுச் சுவருக்கும் கிளப் சுவருக்கும் போயின. 1970களின் இறுதியில் பேட் பர்னார்ட் என்ற பதிப்பாளர் தம் மிலிட்டரி கேலரி நிறுவனத்தின் வழியாக, ராபர்ட் டெய்லரின் படங்களில் அந்தப் போரில் பறந்தவர்களையே கையொப்பமிட வைத்தார். ‘ஸ்பிட்ஃபயர்’ என்ற தொடக்ககாலப் படத்தில் பேடரும் ஜானி ஜான்சன் என்ற மற்றொரு பிரிட்டிஷ் போர் விமானியும் பெயர் எழுதினார்கள். அப்போது பேடருக்கு எழுபதை ஒட்டிய வயது. ஜான்சனுக்கு அறுபத்தைந்தை ஒட்டிய வயது. பணி ஓய்வு பெற்று, நேரமும் தெம்பும் உள்ளவர்களாக, போரைப் பற்றிப் பேசும் மனநிலைக்கும் வந்துவிட்ட ஒரு தலைமுறை அது. அவர்களைப் பற்றிச் சிறுவயதில் படித்து வளர்ந்தவர்கள் கையில் பணம் புழங்கத் தொடங்கியதும் அதே ஆண்டுகளில்தான். இந்த இரண்டு தலைமுறைகளும் சந்தித்துக்கொண்ட இருபத்தைந்து முப்பது ஆண்டுகளே இத்துறையின் செழிப்பான காலம். ஜெரால்ட் கூல்சன், நிக்கலஸ் டிரட்ஜன் போன்ற பிரிட்டிஷ் ஓவியர்களும், அமெரிக்காவில் வில்லியம் பிலிப்ஸ் போன்றவர்களும் அக்காலத்தில் பெரிய வாசகர் கூட்டத்தைப் பெற்றார்கள். வாசகர் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இப்படங்களை வாங்குபவர்கள் பார்ப்பதோடு நிற்பதில்லை, படிக்கிறார்கள்.

எப்படிப் படிக்கிறார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஸ்பிட்ஃபயரின் ஆரம்ப வகைகளில் இருந்த மெர்லின் இன்ஜின், விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் முன்விசிறியை வலஞ்சுழியாகச் சுற்றும். பின்னாளில் பொருத்தப்பட்ட கிரிஃபன் இன்ஜின் இடஞ்சுழியாகச் சுற்றும். விமானம் ஓடுபாதையில் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதையே இது மாற்றிவிடுவதால், பழகிய விமானிகள்கூட முதல்முறை கவனமாக இருக்க வேண்டியிருந்தது. ஆகவே சுழலும் விசிறியின் மங்கலில் ஓவியர் தீட்டும் சாய்வு, விமானத்தின் வகையோடு பொருந்த வேண்டும். 1944 ஜூன் 6 நார்மண்டித் தரையிறக்கத்துக்காகப் பூசிய கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அதற்கு முந்தைய காட்சியில் வரக் கூடாது. 1940இல் பிரிட்டிஷ் போர் விமானங்களின் அடிப்பாகத்தில் கறுப்பும் வெள்ளையும் போய் வெளிறிய பச்சை சாயல் வந்தது கோடைக்காலத்தில். எனவே மே மாதத்து டன்கர்க் காட்சிக்கும் செப்டம்பர் மாதத்து லண்டன் காட்சிக்கும் அடிப்பாக நிறம் ஒன்றாக இருக்க முடியாது. பல ஸ்குவாட்ரன்கள் சேர்ந்த விங் ஒன்றுக்குத் தலைவராக இருந்த பேடரின் விமானத்தில் அவருடைய முதலெழுத்துகள் எழுதப்பட்டிருந்தன. காலண்டின் மெஸ்ஸர்ஷ்மிட்டில் மிக்கி மவுஸ் சின்னம் இருந்தது. சுருட்டுப் பிரியரான அவர் விமானத்துக்குள் சுருட்டுப் பற்றவைக்கும் வசதியும் வைத்திருந்தார். கையொப்பமிட வரும் விமானி தம் விமானத்தைப் படத்தில் பார்த்து, அங்கே அது இருக்கவில்லை என்று சொல்லிவிடக்கூடும் என்ற அச்சம் ஓவியர்களை ஆவணங்களின் பக்கம் தள்ளியது. சாட்சி எதிரில் இருக்கும்போது வரைவது ஒரு கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டில் பிறந்த படங்களில் ஒரு நேர்மை இருக்கிறது. சாட்சிகள் மறைந்த பிறகு வரும் படங்களில் விமானங்கள் ஒன்றோடொன்று உரசும் அளவுக்கு நெருங்கிவிடுவதையும், வெடிப்புகள் பெருகுவதையும் பார்க்கும்போது அதன் அருமை தெரிகிறது.

ஆனால் படங்களின் மொத்தத் தொகுதி ஒரு பெரிய விஷயத்தில் வரலாற்றோடு ஒத்துப்போவதில்லை. பிரிட்டன் வான்போரில் மிகுதியான எதிரி விமானங்களை வீழ்த்தியது ஹரிக்கேன் என்ற மற்றொரு பிரிட்டிஷ் போர் விமானம். ஸ்பிட்ஃபயர் ஸ்குவாட்ரன்களைவிட ஹரிக்கேன் ஸ்குவாட்ரன்களே அதிகம். அச்சுப்படங்களில் ஸ்பிட்ஃபயரே ஆட்சி செய்கிறது. துணி போர்த்திய பின்னுடலும் தடித்த இறக்கையும் கொண்ட ஹரிக்கேன், நீள்வட்ட இறக்கைக்கு முன்னால் சுவரில் தோற்றுப்போகிறது. அழகு வரலாற்றைத் திருத்தும் இடம் இது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையில் எதிர்பாராத ஒரு தொடர்பு உண்டு. போருக்கு நிதி அளித்த பகுதிகளின் பெயரைப் பிரிட்டிஷ் விமானப்படை சில ஸ்குவாட்ரன்களுக்குச் சூட்டியது. 79, 234, 264 ஆகிய மூன்றும் ‘மெட்ராஸ் பிரசிடென்ஸி’ என்ற பெயரைத் தாங்கின. ஹைதராபாத், மைசூர் பெயர்களிலும் ஸ்குவாட்ரன்கள் இருந்தன. 234ஆம் ஸ்குவாட்ரனில் 1940 ஆகஸ்டில் ஸ்பிட்ஃபயர் ஓட்டி முதல் சண்டையைக் கண்டவர் பாப் டோ. இருபது வயது, தம்மை ஒரு நல்ல விமானியாகவே அவர் நினைத்ததில்லை. அந்த வான்போர் முடிவதற்குள் அதில் மிகுதியான எதிரி விமானங்களை வீழ்த்தியவர்களில் ஒருவரானார்; அதற்கிடையில் ஹரிக்கேன் ஸ்குவாட்ரனுக்கும் மாறியிருந்தார். இந்திய விமானப்படையின் 10ஆம் ஸ்குவாட்ரனை உருவாக்கி, பர்மாப் போர்முனையில் அதை நடத்தியவரும் அவரே. 2010இல் இறக்கும்வரை அவர் கையொப்பமிட்ட அச்சுப்படங்கள் பல. ஒரு தாளில் அவர் பெயரைப் பார்க்கும் தமிழர், அந்தப் பெயருக்குப் பின்னால் சென்னை மாகாணத்து மக்கள் கொடுத்த பணமும், பர்மாவில் பறந்த இந்திய விமானிகளும் இருப்பதை அறிந்து பார்ப்பது நல்லது. படத்திலோ சான்றிதழிலோ அது எழுதப்பட்டிருக்காது.

எழுதப்படாதவை இன்னும் இருக்கின்றன. ஜெஃப்ரி பேஜ் என்ற ஹரிக்கேன் விமானி, 1940 ஆகஸ்ட் 12 அன்று விமானம் தீப்பிடித்துக் கடலில் குதித்தபோது இருபது வயதுக்காரர். முகமும் கைகளும் கொடுமையாக வெந்துபோயின. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற அறுவை மருத்துவர் அவருக்கும் அவர்போன்ற நூற்றுக்கணக்கானவர்களுக்கும் புதிய தோல் வைத்துக் கட்டினார். அந்த நோயாளிகள் 1941இல் கினி பிக் கிளப் என்று தமக்கொரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். பேஜ் மீண்டும் பறந்தார். முதுமையில், கேப்பல் லெ ஃபெர்னில் 1993இல் திறக்கப்பட்ட பிரிட்டன் வான்போர் நினைவிடம் அமைவதற்கு முன்நின்று உழைத்தார். அவருடைய கையொப்பம் கொண்ட அச்சுப்படங்கள் உண்டு. அந்தக் கையெழுத்தைப் பார்க்கும்போது, எந்த விரல்கள் அந்தப் பென்சிலைப் பிடித்தன என்று நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. படங்களில் எரிவது எப்போதும் எதிரியின் விமானம். அதுவும் தொலைவில், ஒரு புகைக்கோடாக. மனிதர் எரிவதை அச்சுப்படம் காட்டியதில்லை, காட்டினால் யாரும் சுவரில் மாட்டவும் மாட்டார்கள். ஓரத்திலுள்ள பெயர்தான் அந்த உண்மையைத் தாளுக்குள் கொண்டுவருகிறது.

ஜெர்மன் விமானிகளின் கையொப்பங்களைப் பற்றியும் நேராகச் சொல்லியாக வேண்டும். 275 வான்வெற்றிகள் (வீழ்த்திய எதிரி விமானங்கள்) கணக்கில் உள்ள குந்தர் ரால், 352 வெற்றிகளோடு உலகிலேயே முதலிடத்தில் இருக்கும் எரிக் ஹார்ட்மன் போன்றவர்களின் பெயர்கள் சந்தையில் பிரிட்டிஷ் பெயர்களுக்கு இணையாகத் தேடப்படுகின்றன. முன்னாள் எதிரிகளிடையே நட்பு உண்மையாகவே இருந்தது. காலண்ட், ராபர்ட் ஸ்டான்ஃபோர்ட் டக் என்ற பிரிட்டிஷ் விமானியின் மகனுக்கு ஞானத்தந்தையானார். ஆயினும் வீரர்களுக்கிடையேயான கண்ணியத்தை மட்டும் காட்டும் ஒரு படம், அவர்கள் எந்த அரசுக்காகப் பறந்தார்கள் என்பதை மறைத்துவிட வல்லது. வால்பகுதியில் நாஜி அரசின் சின்னமாக இருந்த ஸ்வஸ்திகாவைத் தெளிவாக வரைவதா, நிழலில் விடுவதா, புகையால் மூடுவதா என்று ஓவியர் எடுக்கும் முடிவு வெறும் கலை முடிவு அன்று. அதை மூடாமல் வரைவதே சரி என்று நான் நினைக்கிறேன்.

இனி வாங்குவோர் அறிய வேண்டிய படிநிலைகள். எண்ணிட்ட பொதுப் படிகளுக்கு மேலே, ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப் எனப்படும் சிறு தொகுதி இருக்கும். செப்புத்தகட்டுக் காலத்தில் ஓவியர் சோதனைக்கு எடுத்த படிகளின் பெயர் அது. ஆஃப்செட் அச்சில் அந்தப் பெயருக்குப் பழைய பொருள் இல்லை, ஆனால் சில பதிப்புகளில் இத்தொகுதியில் மட்டும் கூடுதல் விமானிகள் கையொப்பமிட்டிருப்பார்கள் என்பதால் மதிப்பு உண்டு. அதற்கும் மேலே ரிமார்க் படிகள்: தாளின் ஓரத்தில் ஓவியர் தம் கையால் பென்சிலில் ஒரு சிறு விமானத்தை வரைந்து தருவது. முழுத் தாளிலும் ஓவியரின் கை நேரடியாகப் பட்ட ஒரே படம் அந்தச் சிறு வரைவுதான். தனிப்பட்ட முறையில் நான் எதையும்விட அதையே மதிப்பேன்.

வேறொரு வகை அண்மைக்காலத்தில் பெருகியிருக்கிறது. விமானிகளின் கையொப்பங்களை அவர்கள் உயிரோடிருந்தபோதே சிறு தாள்களில் வாங்கி வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் கழித்து வெளியிடும் புதிய படத்தின் சுற்று அட்டையில் சாளரம் வெட்டிப் பொருத்துவது. கையொப்பம் உண்மையானதாக இருக்கலாம். ஆனால் அந்த விமானி அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. தாமே கையெழுத்திட்டு ஏற்ற படத்துக்கும், தாம் இறந்த பிறகு வரையப்பட்ட படத்தோடு பெயர் சேர்க்கப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை விற்பவர்கள் சிலர் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். சிலருடைய விளம்பரத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எந்தப் பெயர் தாளிலேயே எழுதப்பட்டது, எது அட்டையில் பொருத்தப்பட்டது, எது அச்சிலேயே வந்த நகல் என்று ஒவ்வொன்றாகக் கேட்பது வாங்குபவரின் உரிமை. லென்ஸின் கீழ் பென்சில் கோடு தாளின் இழைகளில் சாம்பல் மினுமினுப்போடு படிந்திருக்கும். அச்சிட்ட நகல் புள்ளிகளாகச் சிதறும். வெளியீட்டாளரின் சான்றிதழில் உள்ள பெயர்ப் பட்டியலும் எண்ணும் தாளோடு பொருந்த வேண்டும். பின்னாளில் விமானக் கண்காட்சிகளில் கூடுதலாகப் பெற்ற கையொப்பங்கள் அந்தச் சான்றிதழில் இரா, அவற்றுக்குத் தனி ஆதாரம் கேட்க வேண்டும்.

1990களில் இங்க்ஜெட் முறையில் எடுக்கும் ஜிக்லே அச்சு வந்தபின், ஒரு படியைக்கூடத் தேவைக்கேற்ப எடுக்க முடியும் என்றாகி, பதிப்பு வரம்பு என்ற வாக்குறுதி முன்னிலும் மெலிந்தது. கையொப்பமிடுபவர்களின் எண்ணிக்கை வேறு வழியில் முடிவுக்கு வந்தது. பிரிட்டன் வான்போரில் அந்நாட்டுக்காகப் பறந்தவர்கள் 2,900க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் 544 பேர் அந்தச் சில மாதங்களிலேயே இறந்தார்கள். டாம் நீலும் ஜெஃப்ரி வெல்லமும் 2018 ஜூலையில் ஒரு வார இடைவெளியில் மறைந்தார்கள். அறியப்பட்டவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த ஜான் ஹெமிங்வே 2025 மார்ச் 17 அன்று 105 வயதில் இறந்தார். இதனால் எல்லாப் படங்களின் விலையும் ஏறியிருக்கும் என்று எண்ணுவது தவறு. முதல் தலைமுறைச் சேகரிப்பாளர்களும் முதுமையடைந்து, அவர்கள் வீட்டுச் சுவர்களிலிருந்து ஒரே காலத்தில் ஏராளமான படங்கள் இறங்கி இணைய ஏலங்களுக்கு வருகின்றன. நான்கு பேர் கையொப்பமிட்ட சாதாரணப் பதிப்பு, சட்டகத்தின் விலைக்கே கிடைக்கும் நாட்களும் உண்டு. முதலீடாக வாங்கியவர்களுக்கு இது ஏமாற்றம். அந்தப் பெயர்களுக்காகவே வாங்க விரும்பும் எளியவருக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது.

வாங்கிய தாளைக் காப்பதில் நம் ஊர்த் தட்பவெப்பத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். அமிலமற்ற அட்டையில், தாளின் மேல்விளிம்பை மட்டும் மெல்லிய ஜப்பானியத் தாள் கீற்றுகளால் கோதுமை மாவுப் பசை கொண்டு பிடித்துத் தொங்கவிட வேண்டும். கடையில் பழக்கமாகச் செய்வதுபோல் முழுத் தாளையும் பலகையில் ஒட்டிவிட்டால் அதன் மதிப்பு அன்றே போய்விடும். சட்டகத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டுவது அதைவிடக் கேடு, ஏனெனில் பெயர்கள் இருப்பது அங்கேதான். கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி வேண்டும். மழைக்காலத்தில் வெளிச்சுவரில் மாட்டினால் பழுப்புப் புள்ளிகளும் வெள்ளிப்பூச்சியும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக வெயில். ஆஃப்செட் மையில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் முதலில் வெளிறும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். ஜன்னலுக்கு எதிரே இருபது ஆண்டுகள் தொங்கிய படத்தில் மாலை வானத்தின் செம்மை போய், வயல்களின் பசுமை போய், விமானங்கள் நீலப் புகையில் மிதப்பதுபோல் ஆகிவிடும். பென்சிலின் கரி ஒளிக்கு வெளிறுவதில்லை. அப்படி வெளுத்துப்போன படத்தின் அடியில், எழுதிய நாளில் இருந்த அதே கருமையோடு அந்தப் பெயர்கள் இருக்கும்.